வலது பக்கம் காலியாக இருந்தால் கடிதம் கிடையாது

வேலையை விட்டு இருபது நாள் ஆகிறது. முப்பத்து மூன்று வயதில் ரிட்டயர் ஆன ஆள் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவன். வக்கீல் சன்னது வாங்கிவிட்டால் வேறெங்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் பதின்மூன்று வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்த நாற்காலி மும்பை செம்பூரில் லட்சுமி அக்காவின் அலுவலகத்தில் இருந்தது. அக்கா எங்கள் வார்டின் மாநகராட்சி கவுன்சிலராக இருந்தவர். நான் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன். என் இடத்துக்கு வந்திருக்கும் மூன்று பேர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். இப்போது மனுக்களை எல்லாம் போனில் ஒரு ஆப்பில் ஏற்றுகிறார்கள். பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

“அண்ணா, ஒவ்வொரு மனுவுக்கும் ஏன் ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க? ஆப்புல ஒரு பக்கம்தான் இருக்கு. அது போதும்ல?” என்று கேட்டார்கள்.

வாயால் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. நடுவில் டீ வந்தது, பிறகு கிரிக்கெட் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் தாராவியில் பிறந்தவன். அப்பா பழைய பிளாஸ்டிக் உடைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டினார். அம்மா அதே பட்டறையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்தார். இருவருக்கும் கைநாட்டுத்தான். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். இந்தி தெருவில் வந்தது, மராத்தி பள்ளிக்கூடத்தில் வந்தது, இங்கிலீஷும் டைப்பிங்கும் மாட்டுங்காவில் ஒரு மாடியறையில் வந்தன. நாலு மொழியும் எழுதுகிற பையன் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி, இருபது வயதில் அக்கா முன்னால் போய் நின்றேன்.

“தெருவிளக்கு எரியல. மராத்தியில ஒரு லெட்டர் எழுது” என்றார்.

எழுதினேன். எனக்குத் தெரிந்த பெரிய மராத்திச் சொற்களை எல்லாம் அதில் போட்டேன்.

“தமிழ்ல வாசி.”

மராத்தியைப் பார்த்துத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். மாண்புமிகு, தங்கள் மேலான கவனத்துக்கு, பணிவன்புடன், தாழ்மையுடன் என்று போய்க்கொண்டே இருந்தது.

“ஏலே, வெளக்கு எரியலன்னு சொல்ல இவ்வளவு நேரமா? அதுக்குள்ள விடிஞ்சிரும்ல” என்றார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்தக் குறை எந்த மேசைக்குப் போகும், எந்த இன்ஜினியர் காலையில் நல்லவர், எந்த இன்ஜினியர் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லவர் என்று கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுன்சிலர் ஆவதற்கு முன் அவர் மாநகராட்சி சுகாதாரத் தொண்டராக வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு போலியோ சொட்டு மருந்து கொடுத்தவர். அதனால் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது சுயேச்சையாக நின்று ஜெயித்தார். கம்பெனி டிரைவரான அவருடைய வீட்டுக்காரர்தான் பின்னாலிருந்து எல்லாம் பார்ப்பார் என்று ஊரே நினைத்தது. “அவரு வண்டி ஓட்டட்டும். வார்ட நான் ஓட்டுதேன்” என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். மராத்திக்காரர்கள் அவரைத் தாயி என்பார்கள். அவர்கள் மொழியில் அது அக்கா. எங்கள் திருநெல்வேலி ஆட்களும் தாயி என்றே கூப்பிட்டார்கள்.

மாநகராட்சி சபையில் இரண்டு பெரிய அணிகள். அக்கா இரண்டிலும் சேரவில்லை. ஒரு தீர்மானம் சரியென்று பட்டால் இந்தப் பக்கம் கை தூக்குவார், அடுத்த தீர்மானத்தில் அந்தப் பக்கம். ஒரு முறை டீ இடைவேளையில் ஒரு உறுப்பினர் நான் கேட்கவே சொன்னார்: “தாயி, நீங்க ரோட்டு நடுவுல நிக்கிற எருமை மாதிரி. ரெண்டு பக்கமும் ஹாரன் அடிக்கிறோம்.” அக்கா கோபப்படவில்லை. “ஹாரன் அடிக்கீங்கன்னா வண்டி நின்னிருக்குன்னுதான அர்த்தம்” என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

அவருடைய வேலை முறைதான் நீங்கள் கேட்ட இரண்டு பக்கம்.

யாராவது மனுவோடு வந்தால் நோட்டில் இடது பக்கத்தில் அவர்கள் சொன்னதை எழுத வேண்டும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. பிறகு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இது நடந்தா யாருக்குக் கஷ்டம்?”

“யாருக்கும் இல்லக்கா.”

“யாருக்கும் இல்லன்னா இம்புட்டு நாளா ஏன் நடக்கல?”

அதோடு மனுதாரர் தலையைச் சொறிய ஆரம்பிப்பார். அந்த யாரோ ஒருவரைத் தேடிப் போய், அவர் சொல்வதை வலது பக்கத்தில் எழுதுவது என் வேலை. வலது பக்கம் காலியாக இருந்தால் கடிதம் கிடையாது. லெட்டர்ஹெட் கட்டு அக்கா வீட்டு அரிசி டப்பாவில் பூட்டிக் கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளியே வரும். அன்றைக்கு நான் மராத்தியில் எழுதிய கடிதங்களை எல்லாம் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். “தமிழ்ல சொல்ல வெக்கமா இருக்குன்னா மராத்தியிலயும் அது தப்புதான்” என்பார். வாசித்து முடித்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் ஒரு நாளும் போட்டதில்லை.

ஒரு உதாரணம். ஒரு பில்டிங் சொசைட்டியின் செக்ரெட்டரி, மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குக் குடிவந்தவர், வாசலில் மீன் விற்கிற பெண்களை அகற்றச் சொல்லி வந்தார். இடது பக்கத்தில் நாற்றம், ஈ, பூனை என்று எழுதினேன். வலது பக்கத்துக்காக மீன்காரப் பெண்களிடம் போனேன். “எங்கள வெரட்டுனா அந்த பில்டிங்ல பாதிப் பேரு என்னத்தத் திம்பாங்க? செக்ரெட்டரி வீட்டுக்கு எதிர்த்த பிளாட்டுக்காரம்மாதான் எனக்கு போனி” என்றார் ஒருத்தி. அப்படியே எழுதினேன். அக்கா இரண்டு பக்கத்தையும் செக்ரெட்டரியிடம் வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி வாசித்தார். கடைசியில் மீன் கூடைகள் இருபது அடி தள்ளிப் போயின. பதினோரு மணிக்குத் தரையைக் கழுவிவிட வேண்டும் என்று முடிவானது. இன்றைக்கும் கழுவுகிறார்கள்.

இப்படியே எட்டு வருடம் போனது. சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது, அக்கா எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார். பேராசை என்று சிலர் சொன்னார்கள். எனக்குக் காரணம் தெரியும். எங்கள் குடிசைப் பகுதியின் பாதிக் கடிதங்கள் மாநகராட்சி வாசலைத் தாண்டி மாநில அரசின் மேசையில் போய்ப் படுத்துவிடும். “நம்ம லெட்டர் போற ரூமுக்கு நானே போயிரணும்ல” என்பார்.

இரண்டு பெரிய அணிகளில் ஒன்று அவருக்கு டிக்கெட் தரலாம் என்று யோசித்தது. அந்தக் கட்சியின் சார்பில் பேச வந்தவர் மணி சார். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தொகுதியின் வாக்காளர் பட்டியல் முழுதும் அவர் தலைக்குள் இருந்தது. நல்ல மனிதர். அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்தால் அவர் மேல் கோபம் வரும்.

நான் தவறு செய்தது அந்த மழைக்காலத்தில்தான்.

எங்கள் வார்டில் அம்மன் நகர் என்று ஒரு குடியிருப்பு. நூற்றைம்பது வீடுகளுக்கு ஒரே ஒரு பொதுச் சண்டாஸ், அதாவது கக்கூஸ், ஆறு கதவு. அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலையில் பக்கெட்டோடு நிற்கிற வரிசை மெயின் ரோடு வரை போகும். ஆறுமுகம் அண்ணாச்சி அந்தப் பகுதியின் தலைவர் மாதிரி. இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் காலி மைதானத்தையும் சேர்த்துப் பெரிய கட்டடமாக, பதினாறு கதவோடு, கட்டித் தர வேண்டும் என்று மனு கொண்டுவந்தார். இடது பக்கம் நிரம்பி வழிந்தது. அவர் மனைவிக்கு முட்டி வலி, வரிசையில் நிற்க முடியாது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கு நேரமாகிறது என்று அடக்கிக்கொண்டே போகிறார்கள்.

வலது பக்கத்துக்காக மைதானத்துக்குப் போனேன். மழை. முழங்கால் தண்ணீர், ஒரு நாய். மறுவாரம் போனேன். மழை, நாய்கூட இல்லை. மூன்றாவது முறையும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் கேட்டேன். எல்லாரும் சண்டாஸ் வேண்டும் என்கிறவர்கள். “இங்க யாரு வாரா?” என்றார்கள். நோட்டில் எழுதினேன்: மைதானம் காலி. பயன்படுத்துவோர் இல்லை. ஆட்சேபம் இல்லை.

ஆறு மணிக்கு அக்காவிடம் வாசித்தேன்.

“யார்ட்ட கேட்ட?”

“மூணு தடவ போனேன்க்கா.”

யாரிடம் கேட்டாய் என்றால் எத்தனை முறை போனேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் அக்கா அதைப் பிடித்திருப்பார். அன்றைக்கு மணி சார் உள்ளே காத்துக்கொண்டிருந்தார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

கடிதம் போனது. அனுமதி நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது. மழை விட்ட மறுவாரம் காண்ட்ராக்டர் மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்தார். அதற்கடுத்த நாள் வெயில் நன்றாக அடித்தது. அப்போது இசக்கியம்மாள் வந்தார். அவர் பின்னால் முப்பது பெண்கள், தலையில் மூங்கில் கூடைகளோடு.

அப்பளம் போடுகிறவர்கள். கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் அப்பளங்களைப் பரப்பிக் காயவைப்பார்கள். வருடத்தில் எட்டு மாதம் அந்த மைதானம் அவர்களுடையது. மழைக்காலத்தில் மட்டும் வீட்டுக்குள் விசிறிக்கடியில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் காத்திருப்பார்கள். தாராவியில் காயும் அப்பளங்களைச் சுற்றிச் சுற்றித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். மழையில் அந்தக் கூடைகள் எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

தகரத்துக்கு முன்னால் இசக்கியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ தம்பி, மழையில வந்து பாத்துட்டு எடம் காலின்னு எழுதுனியாமே? மழையில உங்க வீட்டுக் கொடியிலயும்தான் சட்ட காயாது. அதுக்குன்னு கொடிய அறுத்துருவியா?”

“இல்ல ஆத்தா, நான் மூணு தடவ…”

“மூணு தடவ மீனு பிடிக்க வந்தியாக்கும்.”

பெண்கள் சிரித்தார்கள். அது கோபச் சிரிப்பு. அதற்குள் ஆறுமுகம் அண்ணாச்சி தன் ஆட்களோடு வந்துவிட்டார். “காலிபீலி, சும்மா எதுக்குச் சண்ட? அப்பளம் முக்கியமா, எம் பொண்டாட்டி முட்டி முக்கியமா?” என்றார். “ஒம் பொண்டாட்டி திங்கதும் என் அப்பளம்தாம் வேய்” என்றார் இசக்கியம்மாள். ஒரு கூடை பறந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. காண்ட்ராக்டர் போலீசைக் கூப்பிட்டார்.

மதியம் அலுவலகத்தில் மணி சார் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

“லக்ஷ்மி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்கோ. நாளன்னிக்கு டிக்கெட் முடிவாறது. அங்க நூத்தம்பது குடும்பம், இங்க முப்பது லேடீஸ். அதுலயும் சில பேருக்கு ஓட்டு ஊர்ல இருக்கு. வேலை நடக்கட்டும். கிளார்க் தப்பா ரிப்போர்ட் பண்ணிட்டான், அவனை எடுத்தாச்சுன்னு ஒரு வரி சொல்லிடுங்கோ. ரெண்டே நாள்ல எல்லாரும் மறந்துடுவா.”

நான் அதற்கு முன்பே வேலையை விடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

“உம் பேர்ல லெட்டர்ஹெட் இருக்கா?”

“இல்லக்கா.”

“பெறகு எப்படில அது உன் தப்பாவும்? கையெழுத்து யாருது?”

“ஆனா நான் தப்பா எழுதுனேன்க்கா.”

“எழுதுன. அதுக்கு உன்ன வையுதேன், வீட்டுக்குப் போகையில வையுதேன். வெளிய என் கையெழுத்துத்தான் பேசும்.” பிறகு மணி சாரிடம் திரும்பினார். “சார், அன்னிக்கு இவன்ட்ட ரெண்டாவது கேள்வி கேக்காம வந்து உங்கள்ட்ட உக்காந்தது நான். வேலைய நிறுத்தச் சொல்லி லெட்டர் குடுக்கப் போறேன்.”

“டிக்கெட் போயிடும்.”

“தெரியுது சார்.”

அக்காவின் குரல் அப்போது கொஞ்சம் இறங்கியது. எட்டு வருடமாக, எங்கள் கடிதங்கள் போகும் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று நினைத்தவர். நான் தட்டச்சு செய்தேன், தமிழில் வாசித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். பேனா ஒரு இடத்தில் நின்று பிறகு ஓடியது.

அன்று சாயங்காலம் அம்மன் நகர் ஆட்கள் கறுப்புத் துணியோடு அலுவலக வாசலுக்கு மோர்ச்சாவாக, எதிர்ப்பு ஊர்வலமாக, வந்தார்கள். முன்னால் ஆறுமுகம் அண்ணாச்சி. “எட்டு வருசம் ஓட்டுப் போட்டதுக்கு எங்களுக்கு ஆறு கதவா?” என்று கத்தினார். அக்கா வெளியே வந்து படியில் நின்றார். “தப்பு எங்கிட்ட. நோட்டுல பாதி எழுதாமயே கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்குக் காலையில அந்த மைதானத்துக்கு வாங்க. திட்டுததுக்கும் வாங்க, அளக்கதுக்கும் வாங்க” என்றார். இரண்டு நாள் கழித்து மணி சார் போன் செய்தார். “அவா வேற ஆளைப் போட்டுட்டா” என்றார். அக்கா “சரி சார். சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அளப்பதற்கு இரண்டு வாரம் ஆனது. கயிறு, சுண்ணாம்புப் பொடி, மாநகராட்சி ஜூனியர் இன்ஜினியர் ஒருவர், முப்பது கூடைகள். எத்தனை கூடைக்கு எத்தனை அடி வேண்டும் என்று நிஜக் கூடைகளைக் கவிழ்த்து வைத்தே பார்த்தோம். சண்டாசின் மொட்டை மாடியில் அப்பளம் காயவைத்தால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். “கக்கூஸ் மேல காஞ்ச அப்பளத்த நீ மொத ஆளா வாங்கித் திங்கணும், சரியா?” என்றார் இசக்கியம்மாள். அந்த யோசனை அங்கேயே செத்தது.

அகலமாகக் கட்டாமல் உயரமாகக் கட்டினால் மைதானம் மிஞ்சும் என்று சொன்னவர் இன்ஜினியர்தான். பழைய அஸ்திவாரம் தாங்காது, இடித்துவிட்டுத் தூண் போட வேண்டும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கீழே, ஆண்களுக்கு மாடியில்.

“வயித்தக் கலக்குனா மாடிப்படியா ஏறணும்?” என்றார் அண்ணாச்சி.

“உங்க வீட்டுக்காரம்மாவுக்குத்தான முட்டி வலி? உமக்கு நல்லாத்தான இருக்கு?” என்றார் அக்கா.

அண்ணாச்சியின் மனைவி கூட்டத்தின் பின்னாலிருந்து, “ஏறுவாரு, ஏறுவாரு” என்றார்.

கட்டி முடிக்கிறவரை ஊரார் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. வண்டியில் வைத்த தற்காலிகச் சண்டாஸ்களை நிறுத்த இடம் வேண்டும். மைதானத்தின் பாதியை விட்டால் அதற்கு வேறு இடம் இல்லை. அப்பளப் பெண்கள் ஒதுங்கிப் போய் ஒரு மணி நேரம் பேசினார்கள். வெயில் காலத்தின் பாதி வேலை போகும். இசக்கியம்மாள் திரும்பி வந்து, “நடுவுல தகரம் அடிச்சிரணும். கட்டி முடிச்ச மறுநாளே வண்டிய எடுத்துரணும். அத எழுதிக் குடுத்துரணும்” என்றார். எழுதினேன். இரண்டு தரப்புக்கும் வாசித்தேன். யாரும் சந்தோஷமாக இல்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை.

டிக்கெட் போன பிறகு அக்கா வீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னார்.

கட்சி வேட்பாளராக இருந்தால் வேட்புமனுவை முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். கைநாட்டு வைக்கிறவர்கள் அதைத் தேர்தல் அதிகாரியின் கண் முன்னாலேயே வைக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் மூன்று முறை சரிபார்த்தேன். இந்த முறை ஆளிடமே கேட்டுச் சரிபார்த்தேன். அப்பளப் பெண்களில் இங்கே ஓட்டு உள்ள ஆறு பேர், இசக்கியம்மாள் உட்பட. அது போக வார்டில் நாலு பேர்.

கடைசி நாள். மதியம் மூன்று மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள். பதினொரு மணிக்குத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் ஒரு டீக்கடைக்காரர், அவர் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் அனுப்பினோம், கடையும் பூட்டு. யாரோ பேசிவிட்டார்கள் என்று புரிந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவர் வேலையில், ஒருவர் வேறு தொகுதியில், சீத்தா கேம்ப்பில் ஓட்டு உள்ளவர், ஒருவர் ‘கட்சிக்காரங்க கோவிச்சுக்குவாங்க’ என்றார். மணி இரண்டு ஆனது. கைநாட்டு வைத்த பெண்கள் விரலில் மையோடு வராந்தாவில் நின்றார்கள். அக்கா மனுவைக் கையில் பிடித்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டேகாலுக்கு வெளியே மேளச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு டிக்கெட் தராத அந்தக் கட்சியின் வேட்பாளர் ஊர்வலமாக மனு கொடுக்க வந்தார். அவரோடு கழுத்தில் கட்சித் துண்டு போட்டு ஆறுமுகம் அண்ணாச்சியும் வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வந்தார்.

“என்ன தாயி, எல்லாம் நின்னுக்கிட்டே இருக்கீங்க?”

இசக்கியம்மாள் சொன்னார். “பத்துப் பேரு வேணுமாம் வேய். ஒம்போதுதான் இருக்கோம்.”

அண்ணாச்சி ஊர்வலத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்தார், இஸ்திரிக்காரர் மடிக்கிற மாதிரி நாலாக மடித்தார், பாக்கெட்டில் வைத்தார்.

“எங்க போடணும்?”

அவருடைய வரிசை எண்ணைப் பட்டியலில் தேடி எழுதினேன். உள்ளே அதிகாரி மராத்தியில் கேட்டார், வெளியே நிற்கிற ஊர்வலத்தில் வந்தவர்தானே நீங்கள், தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று.

“தெரிஞ்சுதான் சாகேப்” என்றார். போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். “ஓட்டு உங்களுக்குன்னு நெனச்சிராதீங்க. அது வேற. உங்கள நிக்க விடாம பண்ணுததுதான் எனக்குப் பிடிக்கல. எனக்கு நீங்க இல்லன்னு சொன்னப்போ என் மூஞ்சப் பாத்துச் சொன்னீங்க.”

அந்தத் தேர்தலில் அக்கா மூன்றாவதாக வந்தார். ஜெயித்தவருக்கும் அவருக்கும் நல்ல தூரம். மறுநாள் காலை வழக்கம்போல அலுவலகம் திறந்தோம். நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா சாப்பிட்டார்.

பிறகு ஐந்து வருடம். அம்மன் நகரில் மாடிச் சண்டாஸ் எழுந்தது. வண்டிகளை எடுக்க ஒரு நாள் தாமதம் ஆனதற்கு இசக்கியம்மாள் என் எழுத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கவுன்சிலர் பதவிக் காலம் முடிந்து, அடுத்த மாநகராட்சித் தேர்தல் வராமல் இழுத்துக்கொண்டிருந்தபோதும் மனுக்கள் வந்தன. பதவி இல்லாதவரின் லெட்டர்ஹெட்டுக்கும் வார்டு ஆபீசில் மேசை கிடைத்தது. ஏனென்றால் அதில் எதிராளி என்ன சொன்னார் என்பதும் எழுதியிருக்கும். மறுமுனையில் இருப்பவருக்கு அது பாதி வேலையை மிச்சம் பண்ணியது.

இந்த வருடம் சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும் மணி சார் மறுபடி வந்தார். நடை தளர்ந்திருந்தது.

“அன்னிக்கு நான் சொன்ன நம்பர் எதுவும் தப்பில்லை. ஆனா ஒண்ணு. எங்களண்ட எங்க மனுஷா மட்டும்தான் வந்து பேசறா. உங்களண்ட ரெண்டு பேரும் வந்து பேசறா. கட்சியில இப்போ அதைப் புரிஞ்சுண்டிருக்கா. நில்லுங்கோ.”

அக்கா யோசிக்க ஒரு நாள் கேட்டார். பிறகு சொன்னார்: “சபையில கட்சி சொல்லுதத கேப்பேன். லெட்டர் குடுக்கையில யாரு சொல்லுததையும் கேக்க மாட்டேன். சம்மதம்னா நிக்கேன்.” மணி சார் போய்க் கேட்டு வந்தார். சம்மதம் என்றார்கள்.

இந்த முறை முன்மொழிய ஒருவர் போதும். அதில்தான் சண்டை வந்தது.

“நான்தான். போன தடவ பத்தாவது ஆளா வந்து காப்பாத்துனது யாரு?” என்றார் ஆறுமுகம் அண்ணாச்சி.

“மொத ஆளா வந்து மூணு மணி நேரம் கால்கடுக்க நின்னது யாரு? விரல்ல மை காயிற வரைக்கும் நின்னேன்” என்றார் இசக்கியம்மாள்.

இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். “வக்கீலு, சட்டம் என்ன சொல்லுது?”

ஒரு வேட்பாளர் நாலு மனு வரை கொடுக்கலாம் என்றேன். அலுவலகத்தில் நான் செய்த கடைசி வேலை அதுதான். இரண்டு மனுக்கள் எழுதினேன். ஒன்றை அண்ணாச்சி முன்மொழிந்தார், ஒன்றை இசக்கியம்மாள். தேர்தல் அதிகாரி முன்னால் இசக்கியம்மாள் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து கொடுத்தேன்.

“ஒன்று போதுமே, எதற்கு இரண்டு?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒண்ணுல தப்பு இருந்தா இன்னொண்ணு நிக்கும்ல சாகேப்” என்றார் அக்கா.

அதிகாரி இரண்டையும் வாங்கி வரிசை எண் போட்டு நேரம் குறித்தார். வெளியே வர எழுந்தபோது அண்ணாச்சி அக்காவிடம் குனிந்து, குனிந்த மாதிரிதான், ஆனால் அறை முழுவதும் கேட்கிற குரலில், “தாயி, இந்தத் தடவ ஓட்டும் உங்களுக்குத்தான்” என்றார்.

“மெல்லப் பேசும் வேய், இது எலக்ஷன் ஆபீசு” என்று இசக்கியம்மாள் அவர் தோளில் தட்டினார்.

அதிகாரி தமிழ் தெரியாமலே விஷயத்தைப் புரிந்துகொண்டு, இங்கே பிரசாரம் செய்யக் கூடாது என்றார். அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

வாக்குப்பதிவு அடுத்த வாரம்.